மூட்டம் வந்தால் தெளியும் ரிப்பீட்டர்

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்து வீட்டில் எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழுவின் இரண்டு மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டர் இருக்கிறது. பலவீனமாக வரும் குரலை வாங்கி, பலமாகத் திரும்ப அனுப்பும் நிலையம் அது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கீழே சேலம் அஸ்தம்பட்டியில் 5 வாட் ஹேண்டியோடு (கையடக்க ரேடியோ) நிற்பவர் பேசினால் கணீரென்று எடுக்க வேண்டும். சித்திரைக் கோடை மழையில் ஒரு இடி விழுந்து பவர் சப்ளை போனது. கரண்டே வேண்டாம் என்று சோலார் பேனல் மாட்டினோம். அதிலிருந்து பகலில் குரல்கள் இரைச்சலுக்குள் அமிழ ஆரம்பித்தன. ராத்திரியில் பரவாயில்லை. "ராத்திரியில அலை நல்லாப் போகும்" என்று அதற்கும் நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

எல்லோர் சந்தேகமும் டூப்ளெக்சர் மேல்தான். பேசும் சிக்னல் கேட்கும் பக்கம் புகாமல் பிரித்து வைக்கும் ஃபில்டர் அது. இடி அதையும் ஏதோ செய்துவிட்டது என்று பேச்சு. சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில் கேட்டுக்கொண்டே பேச வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் நடுவில் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பேசும் பக்கம் 25 வாட், அதாவது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). கேட்கும் பக்கம் கால் மைக்ரோவோல்ட், சுமார் மைனஸ் 119 டிபிஎம். வித்தியாசம் 163 டெசிபல். மடங்கில் சொன்னால், ஒன்று போட்டு 16 சுழியம் சேர்த்தாலும் அதில் பாதிதான். நாதஸ்வரம் வாசிப்பவர் வாசித்துக்கொண்டே பந்தியில் கடைசி இலையில் இருப்பவர் முணுமுணுப்பதைக் காதில் வாங்குவது மாதிரி. டூப்ளெக்சர் கொஞ்சம் கலைந்தாலும் சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைச் செவிடாக்கிவிடும். டீசென்ஸ் என்பது இதைத்தான்.

ஃபில்டரை அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏவைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. நாட்சின் (டூப்ளெக்சர் வேண்டாத அலைவரிசையை வெட்டும் பள்ளத்தின்) அடி 70 டெசிபலுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஸ்க்ரூவைத் திருகினேன், திருகினேன், அங்கேயே நின்றது. 70 என்பது டூப்ளெக்சரின் அடி இல்லை, என் கருவியால் பார்க்க முடிகிற அடி என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் உறைத்தது. நன்றாக இருந்த டியூனிங்கை நானே கலைத்திருந்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது அம்மாப்பேட்டையில். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மூத்த ஹாம் ஒருவர், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் பகல் பதினொரு மணிக்கு ரிப்பீட்டர் எப்படிக் கேட்டது என்று குறித்துவைத்திருந்தார். ஆடியில் ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, மேல மூட்டம் போட்டா நல்லாக் கேக்குது. வெயில் அடிச்சா கெட்டுப்போகுது. பன்னண்டு நாளாப் பாத்துட்டேன்."

"மூட்டத்துல அலை நல்லா வருமாங்கய்யா?"

"அலையை விடு. வெயில் பட்டா அங்க என்ன வேலை செய்யுது, அதைப் பாரு."

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன்: டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் கேட்டேன். டோன் பூட்டையும் எடுத்துவிட்டு, சிக்னல் இல்லாதபோது இரைச்சலை மூடி வைக்கும் ஸ்குவல்ச்சை முழுக்கத் திறந்தேன். ஸ்பீக்கரில் வெறும் உஸ்ஸ் வர வேண்டும். அதற்கு அடியில் வண்டு ரீங்காரம் மாதிரி இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. 88.5 ஹெர்ட்ஸ் டோன் இருந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும் என்று வைத்திருந்ததால் இந்தச் சத்தம் இத்தனை மாதமும் யார் காதுக்கும் எட்டவில்லை. டோன் சத்தத்தைப் போக்கவில்லை, மூடி வைத்திருந்தது. டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போதும் சத்தம் இருக்கிறது என்றால் டீசென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேனலில் இருந்து வரும் ஒயரைப் பிடுங்கினேன். ரீங்காரம் நின்றது. மாட்டினேன், வந்தது. தோட்டத்து அண்ணன் ஒரு பழைய ஜமக்காளத்தைக் கொண்டுவந்து பேனல் மேல் போட்டார். மெல்ல அடங்கியது. அவருக்கு ஒரே சிரிப்பு. மூட்டம் செய்ததும் இதையேதான்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி, எம்பிபிடி வகை சார்ஜ் கன்ட்ரோலர்தான் குற்றவாளி. உள்ளே வேகமாக ஸ்விட்ச் ஆகிறது. அதன் சிதறல் மேலே 145 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வருகிறது. அதற்கு ஆன்டெனா கட்டிக் கொடுத்தது நாங்கள். ஓட்டுக் கூரையின் ஒரு ஓரமாகச் சிவப்பு ஒயர், எதிர் ஓரமாகக் கறுப்பு ஒயர், ஒவ்வொன்றும் எட்டு மீட்டர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பெரிய லூப். எங்கள் ஆன்டெனா அதற்கு நேர் மேலே.

இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒரே வழியில் கொண்டுவந்தேன். கன்ட்ரோலரின் பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் ஒயரில் ஓடும் சிதறலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டேன். ஒயர் தடிமனில் இரண்டு சுற்றுக்கு மேல் நுழையவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கடைசியில் எம்பிபிடியையே கழற்றிவிட்டு, மெதுவாக ஸ்விட்ச் ஆகும் பிடபிள்யூஎம் வகையை மாட்டினேன். எங்கள் பேனல் 36 செல், பேட்டரி 12 வோல்ட்; இந்தப் பொருத்தத்துக்கு நஷ்டம் கொஞ்சம்தான். பெரிய வோல்டேஜ் பேனல் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், பேனல் தருவதில் பெரும்பகுதி வீணாகும்.

மறுநாள் பதினொரு மணி, சுள்ளென்று வெயில். அம்மாப்பேட்டை ஐயா 5 வாட்டை 1 வாட்டாகக் குறைத்துப் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் வந்தது.

நான் கலைத்த டூப்ளெக்சர் மட்டும் பாக்கி. ஓரத்துச் சிக்னல்கள் இப்போது நிஜமாகவே டீசென்ஸில் விட்டுவிட்டு வருகின்றன. அடியைப் பார்க்கக்கூடிய கருவி இரவல் கிடைக்கும்வரை 25 வாட்டை 10ஆகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஸ்க்ரூவைத் தொடவில்லை.