அபாயாவும் என் முக்காடும்: ரியாத் நாட்குறிப்பு

2018 பிப்ரவரி 11

வெள்ளிக்கிழமை வானொலியில் ஷேக் அப்துல்லா அல்-முத்லக் சொன்னதுதான் இன்று எங்கள் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கப் பேச்சு. சவூதியின் மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சபையில் இருப்பவர். உலகில் மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம் பெண்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் அபாயா என்ற நீண்ட அங்கியைப் போடுவதில்லை, அதனால் இங்கேயும் பெண்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு உம்மம்மா, என் உம்மாவின் தாயார், நினைவு வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் உடம்பைப் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டிதான். கிட்டே போனால் கஞ்சி வாசனை அடிக்கும். கறுப்பு அங்கி அவர் மேல் பட்டதே இல்லை. ஐந்து வேளைத் தொழுகை தவறியதும் இல்லை. அவருடைய ஈமானில், இறைநம்பிக்கையில், யார் குறை சொல்ல முடியும்?

மார்ச் 11

2002-இல் இதே நாளில் மக்காவில் ஒரு பெண்கள் பள்ளி தீப்பிடித்தது. 15 மாணவிகள் இறந்தார்கள். தலையை மூடாமல், அபாயா இல்லாமல் ஓடிவந்த பிள்ளைகளை முத்தவ்வாக்கள் (மதக் காவலர்கள்) வெளியே விடாமல் தடுத்தார்கள் என்று சவூதிப் பத்திரிகைகளே எழுதின. அரசு விசாரணை அதை மறுத்தது. ஆனாலும் அதே மாதம் பெண்கள் கல்வியை மதத் துறையிடமிருந்து எடுத்துக் கல்வி அமைச்சகத்திடம் கொடுத்தார்கள்.

தீக்காய வார்டில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். பருத்தித் துணி என்றால் கருகி உதிரும். பாலியஸ்டர் அப்படியில்லை, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உப்புநீரில் நனைத்து நனைத்து, நகக்கண் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடியும். இங்கே விற்கும் அபாயாக்களில் பெரும்பாலானவை பாலியஸ்டர்தான். தீக்குள் நிற்கும் பிள்ளையிடம் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வா என்று ஒரு மனிதனால் சொல்ல முடியும் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மார்ச் 20

பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். கண்ணியமான உடை வேண்டும், ஆணுக்கும் அப்படித்தான். கறுப்பு அபாயா என்றோ கறுப்பு முக்காடு என்றோ ஷரீஅத் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்கிறார்.

அப்படியானால் 2014-இல் நடந்தது என்ன? என் அறைத்தோழி நாகர்கோவில்காரி, கிறிஸ்தவப் பெண். கடைத்தெருவில் அவளுடைய முக்காடு நழுவியதும் ஒரு தாடிக்காரர் குச்சியை நீட்டி, தலையை மூடு என்று கத்தினார். அவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நான் ஓதும் குர்ஆனில் சூரத்துந் நூர் அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்குத்தான் சொல்கிறது. பெண்களின் முக்காட்டுப் பேச்சு 31-இல் வருகிறது. அந்த மனிதர் 30-ஐ ஓதவே இல்லையா?

நான் முக்காடு போடுகிறேன். என் ரப்புக்காக, என் இறைவனுக்காகப் போடுகிறேன். குச்சிக்குப் பயந்து போட்டால் அது எப்படி இபாதத் (இறைவணக்கம்) ஆகும்?

நவம்பர் 19

சவூதிப் பெண்கள் சிலர் எதிர்ப்பைக் காட்ட அபாயாவை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். இன்று எங்கள் வார்டுத் தோழியும் அப்படி வந்தாள். ஓரத் தையல் எல்லாம் வெளியே, பிடரியில் சலவைக் குறிப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பணி முடிந்ததும் கழிவறைக்குள் போய்ச் சரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் அவள் அண்ணன் காரோடு நிற்பான்.

2019 செப்டம்பர் 28

நேற்றுச் சுற்றுலா விசா அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பெண் பயணிகளுக்கு அபாயா வேண்டாம், அடக்கமான உடை போதுமாம். நல்லது. ஆனால் பத்து நாள் வந்து போகிறவளுக்கு உள்ள விலக்கு, இந்த மண்ணில் பிறந்தவளுக்கு ஏன் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படவில்லை?

தோழியிடம் செய்தியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அண்ணனின் கார் வந்துவிட்டது.