தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் டேனிஷ் கோட்டைக்கும் கடற்கரைக்கும் போவதிலேயே குறியாக இருக்கிறார்கள். பழைய நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் கோட்டைக்கு முன்பே புதிய எருசலேம் ஆலயம் வந்துவிடும். வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபையான லுத்தரன் சபையைச் சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது தாய்க்கோயில். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில், இந்த ஆலயத்தைக் கட்டிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) கதையைக் கேட்டு வளர்ந்த நாளிலிருந்து, ஒரு ஆராதனையாவது அங்கே போய் உட்கார வேண்டும் என்ற ஆசை இருந்தது.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்து. ஞாயிறு காலை என்பதால் திருக்கடையூர் வரை அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். அங்கே வண்டி பாதி காலியானது. அப்புறம் கொஞ்ச தூரம்தான், கடல் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆலய முகப்பின் மேலே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர் முத்திரை, அதன்மேல் கிரீடம். வெள்ளைச் சுவர்கள், சிலுவை வடிவக் கட்டடம். உள்ளே நுழைந்தபோது ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை என்னைப் பார்த்ததும் கேட்டார்: “வெளியூருங்களா? வாங்க ஐயா, முதல்ல ஐயரைப் பார்த்துடுங்க.” பீடத்துக்கு முன்னால் கூட்டிப்போனார். தரையோடு தரையாகச் சீகன்பால்கு ஐயரின் கல்லறை. அதில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. முழங்காலில் நின்றேன். ஜெபம் என்று வார்த்தை எதுவும் வரவில்லை. கர்த்தாவே, நன்றி என்று மட்டும் சொன்னேன்.

பர்த்தலமேயு சீகன்பால்கு ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் ஊரில் 1682 ஜூலை 10-ஆம் தேதி பிறந்தவர். தோழர் புளூட்சோவோடு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் விடிந்தால் அவருக்கு 24 வயது. அனுப்பியது டென்மார்க் அரசர்தான் என்றாலும், இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் சுவிசேஷம் எதற்கு என்ற எண்ணம். இறங்கிய அன்றைக்குத் தங்க ஒரு இடம் காட்டக்கூட ஆளில்லாமல் இருவரும் தெருவில் நின்றார்கள்.

அந்த இளைஞர் அடுத்துச் செய்த காரியம் எனக்கு எப்போதும் பெரிதாகப் படும். ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். படித்ததோடு விடாமல் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-இல் அவர் எழுதிய பட்டியலில் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன. இந்த நாட்டு இந்து தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த பெரிய நூலை, ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து மிஷனுக்கு ஆதரவளித்த பெரியவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது சென்னையில் 1867-இல்தான் வெளிவந்தது.

அப்போது இங்கே ஏற்கெனவே ஒரு கோயில் இருந்தது. இதே வீதியில் இன்றும் நிற்கிற சீயோன் ஆலயம், 1701-இல் டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. தமிழ்ச் சபைக்குத் தனியாக ஒரு இடம் வேண்டும் என்று கடலோரமாகச் சின்னதாக ஒரு எருசலேம் ஆலயம் எழுப்பி, 1707 ஆகஸ்டில் பிரதிஷ்டை செய்தார்கள். தமிழிலும் போர்த்துக்கீசிலும் ஆராதனை நடந்தது. அந்த முதல் கோயில் இன்று இல்லை. 1708 கடைசியில் கோட்டையின் டேனிஷ் தளபதி ஹாசியஸ், சீகன்பால்கு ஐயரைப் பிடித்துக் கோட்டைக்குள் நாலு மாதம் சிறை வைத்தார். வெளியே வந்தவர் முன்பே தொடங்கியிருந்த, வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711-இல் முடித்தார். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ பற்றாக்குறை. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அது அச்சேறியது அதுவே முதல் தடவை.

சபை பெருகியதால் 1717-இல் இந்தப் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். 1718 அக்டோபர் 11-ஆம் தேதி பிரதிஷ்டை. அப்போதே ஐயருக்கு உடம்பு சரியில்லை. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36 வயதில், அவர் கண்மூடினார். இத்தனை பாடுபட்டுக் கட்டிய கோயிலில் அவருக்குக் கிடைத்தது நாலரை மாதம்தான். அவரோடு உழைத்த கிருண்ட்லர் ஐயரும் மறுவருடமே போய்விட்டார். அவரையும் இங்கே, பீடத்துக்கு அருகில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

மணி அடித்தது. ஆராதனை தொடங்கியது. எங்கள் ஊர்க் கோயிலில் சொல்கிற அதே பாவ அறிக்கை, அதே விசுவாசப் பிரமாணம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா ஞானப்பாட்டுப் புத்தகத்தை மடியிலேயே மூடி வைத்துக்கொண்டு எல்லாச் சரணங்களையும் மனப்பாடமாகப் பாடினார். மூன்றாம் சரணத்தில் நான் தடுமாறியபோது புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, விரலால் வரியைக் காட்டிவிட்டு, பாட்டை விடாமல் தொடர்ந்தார். பாடியது தமிழ், வாசித்தது தமிழ், ஐயரின் கல்லறைக்கு முன் நின்று ஆயர் ஆசீர்வாதம் கூறியதும் தமிழ். தமிழ் படிக்க மணலில் விரல் வைத்த ஒருவர் படுத்திருக்கிற இடத்தில் இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்தக் காலத் தரங்கம்பாடிச் சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். 1707-இல் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ் எஜமான்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். அவர்களை முதல் விசுவாசிகளாகப் பெற்ற சபையே அப்படி இருந்தது என்பது நாம் கர்த்தருக்கு முன்னால் அறிக்கையிட வேண்டிய காரியம். அதே சபைதான் கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன் ஐயரை 1733-இல் குருவாக அபிஷேகம் செய்தது. புராட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியக் குரு அவர்தான்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பெட்டியில் அம்மா கொடுத்துவிட்ட ஸ்தோத்திரக் காணிக்கையைப் போட்டேன். கோயில்பிள்ளை கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஐயர் கரையிறங்கியதற்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில், ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் மீனவர் குடும்பங்கள் பட்ட பாட்டை அந்தக் கரையில் நின்றால் நினைக்காமல் இருக்க முடியாது. அவர்களுக்காகவும் ஜெபித்தேன்.

அட்மிரல் தெருவில் ஐயர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அச்சு வேலையைப் பற்றி அங்கே நிறையத் தெரிந்துகொள்ளலாம். போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். முதலில் ஆராதனையில் உட்காருங்கள், வீட்டையும் கோட்டையையும் அப்புறம் பார்க்கலாம். எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று என்னை அங்கே யாரும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கமாட்டார்கள்.