பிராக் கடிகாரம்: பொம்மைகள் போன பிறகும் நின்று பாருங்கள்

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செக் தலைநகர் பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பற்றி முதலில் கொட்டித் தீர்க்காவிட்டால் மற்றது எதுவும் வராது போலிருக்கிறது.

மணிக்கு மணி அங்கே திருவிழாக் கூட்டம். மரணமாக நிற்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, கண்ணாடி பிடித்தவனும் பணப்பை வைத்திருப்பவனும் துருக்கியனும் 'இப்போது வரமாட்டோம்' என்று தலையாட்டுகிறார்கள், மேலே இரண்டு ஜன்னல்களில் ஏசுவின் 12 சீடர்களும் ஒவ்வொருவராக முகம் காட்டிப் போகிறார்கள், கடைசியில் தங்கச் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "அவ்வளவுதானா?" என்று கலைகிறது கூட்டம். பக்கத்தில் நின்ற சுற்றுலா வழிகாட்டி ஒருவர், செய்தவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்ற பழைய கதையை உரக்கச் சொல்லிவிட்டுக் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல! அது கட்டுக்கதை. இதைச் செய்தவர் காடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக்காரர், கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஷிண்டெல், வருடம் 1410. சீடர்கள் எல்லாம் பல நூறு வருடம் கழித்து வந்தவர்கள். அவர்களிலும் பழைய பொம்மைகள் 1945 மே மாதம் ஜெர்மானியத் தாக்குதலில் எரிந்துபோய், இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு செதுக்கியவை. 1410இன் மூளை இருப்பது அவற்றுக்குக் கீழே, யாரும் நின்று பார்க்காத அந்த முகப்பில்.

அதைப் படிப்பது நமக்குச் சுலபம். நடுவில் பூமி. நீலம் பகல், கீழே இருக்கும் கறுப்பு வட்டம் இரவு, இடையில் இருக்கும் செம்மஞ்சள் விடியலும் அந்தியும். தங்கக் கையில் இருக்கும் சூரியன் எந்த நிறத்தில் நிற்கிறதோ வானமும் அப்படித்தான் இருக்கும். மையம் விலகிச் சுழலும் வளையம் ராசிச் சக்கரம், 12 ராசிகளும் அதில் இருக்கின்றன. நான் போனது அக்டோபர் தொடக்கம். நம் பஞ்சாங்கப்படி புரட்டாசி, சூரியன் கன்னியில் இருக்க வேண்டும். அங்கே துலாத்தில் நின்றது! கடிகாரம் தப்பில்லை, அது பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து ராசிகளை எண்ணும் சாயனக் கணக்கு, நம்முடையது நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நிராயனம். அயனாம்சம் என்று படித்துப் படித்து மண்டையில் ஏறாத அந்த 24 பாகை வித்தியாசம் சுவரிலேயே தெரிந்தது. வெளி விளிம்பில் இருக்கும் கறுப்பு வளையம் பழைய செக் நேரம், சூரியன் மறைவதிலிருந்து மணி எண்ணுவது. வருடம் முழுக்க அந்த வளையம் முன்னும் பின்னும் நகர்ந்து 24ஆம் மணியை அஸ்தமனத்தோடு பொருத்திக்கொண்டே இருக்கும். நீலத்தில் ஓடும் தங்கக் கோடுகள் பகலை 12 பாகமாக வகுக்கின்றன, கோடையில் ஒரு பாகம் நீளம், குளிர்காலத்தில் குட்டை.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது என்ன தெரியுமா? ஒரே மையத்தில் மூன்று பெரிய சக்கரங்கள், பற்கள் 365, 366, 379. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே அளவு பற்கள் நகரும். 366 பல் சக்கரம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, அது சூரியன். ஒரு பல் குறைந்த சக்கரம் சுமார் 4 நிமிடம் முந்துகிறது, அது ராசிச் சக்கரம், நட்சத்திரங்கள் தினமும் முந்துவதும் அதே 4 நிமிடம்தான். 379 பல் சக்கரம் 51 நிமிடம் பிந்துகிறது, அது சந்திரன். பற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வானத்தையே ஓட்டியிருக்கிறார்கள். பாதி வெள்ளி, பாதி கறுப்பாக இருக்கும் சந்திரப் பந்து தானே திரும்பி வளர்பிறை தேய்பிறையும் காட்டுகிறது.

சரி, பணம். சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணய மாற்றுக் கடையில் யூரோவுக்கு 24 கொருனாவாவது (செக் நாணயம்) வர வேண்டிய இடத்தில் 18 போட்டுக் கொடுத்தார்கள். பகல் கொள்ளை. விடவில்லை. செக் சட்டப்படி, 2019இலிருந்து, 1000 யூரோ வரைக்கும் மாற்றிய பணத்தை 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். அதைச் சொல்லி நின்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யூரோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். 'பாரம்பரியம்' என்று விற்கும் சுருள் ரொட்டி ட்ர்டெல்னீக்குக்கும் கொட்டிக் கொடுக்க வேண்டாம், பிராகின் பாரம்பரியம் அல்ல அது. அந்தப் பணத்துக்குச் சதுக்கத்தை விட்டு நாலு தெரு தள்ளிப் போய் பூண்டு சூப் குடியுங்கள். செஸ்னெச்கா என்று பெயர். உருளைக்கிழங்கு, வறுத்த ரொட்டித் துண்டு, உருகிய சீஸ், மூக்கில் ஏறும் பூண்டு! அந்தக் குளிரில் உடம்பெல்லாம் சூடு பரவியது. சைவக்காரர்கள் மட்டும் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் ஏ தடத்தில் ஸ்டாரொமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான், டாக்ஸி தேவையே இல்லை. அங்கே மிச்சமாகும் காசை, கடிகாரம் இருக்கும் பழைய நகர மன்றக் கட்டடத்துக்குள் போகும் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சிறு தேவாலயத்திலிருந்து சீடர்கள் சுற்றுவதைப் பின்பக்கமாக, மிக அருகில் பார்க்கலாம். வெளியே, மணியடித்துக் கூட்டம் கலைந்ததும் முன்வரிசை முழுக்க காலி, அப்போது போய் நில்லுங்கள். முடிந்தால் சூரியன் மறையும் நேரத்தில் போங்கள், தங்கக் கை வெளி வளையத்தில் 24ஐத் தொடுவதைப் பார்க்கலாம்.