குதிகால் எழுந்த இடம்

நாடக வகுப்பில் ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட்டைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது மெய் லான்ஃபாங் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். 1935-ல் மாஸ்கோ வந்த அந்தச் சீன நடிகர், ஒப்பனை இல்லாமல், வெறும் கோட்டு சூட்டில் நின்று பெண் பாத்திரங்களைச் செய்து காட்டினார். பார்த்த பிரெக்ட் அசந்துபோய், இது ‘தூரப்படுத்தும் உத்தி’, அதாவது ரசிகர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று பார்க்கவைப்பது என்று எழுதினார்.

இந்த வருஷம் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், சின்ன வயசுலேர்ந்து அதைப் பார்த்தே வளர்ந்த சீன ரசிகருக்கு இதுல என்ன தூரம்?"

என் ஆய்வேட்டில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அந்தக் கேள்வி மட்டும் இல்லை.

சொல்லப்போனால், இன்னொரு நாட்டுக் கலையை வெளியிலிருந்து பார்த்துத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் அதே தப்பை நானும் செய்தவன்தான். ஜப்பானின் மரபு நாடக வடிவமான ‘நோ’வில் ‘சுரியாஷி’ என்றொரு நடை. பாதம் தரையோடு உரசிக்கொண்டு போகும். குதிகால் எழவே எழாது, விரல்கள் மட்டும் கடைசியில் லேசாக எழுந்து இறங்கும். இடுப்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தொடை நடுங்கிவிடும். ஒரு பயிலரங்கில் கற்றுக்கொண்ட கையோடு என் நாடகத்தில் கோரஸ் முழுவதையும் அப்படி நடக்கவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். கூத்துக் கலைஞரான நண்பர் மட்டும், "மெழுகு தேச்ச தரையில போறவங்க மாதிரி இருக்காங்க" என்றார். பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் புரூக்கின் ‘மகாபாரத’ நாடகத்தை, அது கதையை அதன் இந்தியச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டது என்று இந்திய விமர்சகர் ருஸ்தம் பரூச்சா விமர்சித்ததை வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். அது எனக்கும் பொருந்தும் என்று ஏனோ அதுவரை தோன்றவில்லை.

மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வகுப்பை ஒத்திகைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அவளையே அந்த நடையில் வரச் சொல்லி, எதிரே ஒரு பையனைக் கட்டியக்காரனாக நிறுத்தினேன். கூத்தில் ராஜாவையே "நீ யாரு?" என்று கேட்கிற ஆள் அவன்.

அவள் மெதுவாக வந்தாள். கூடமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

"என்னம்மா, உள்ளங்கால்ல கோந்து ஒட்டிக்கிச்சா?" என்றான் அவன்.

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், அவள் குதிகால் அரை அங்குலம் எழுந்தது. உடனே இறக்கி, முகத்தை இறுக்கிக்கொண்டு மேலே நடந்தாள். நடையும் தெரிந்தது, நடக்கிறவளும் தெரிந்தாள். கோரஸ் நடந்த அத்தனை காட்சிகளிலும் இது எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை அப்படியே காட்சியில் வைத்துக்கொண்டோம். இப்போது குதிகாலை வேண்டுமென்றே தூக்குகிறாள். முதல் நாள் மாதிரி இன்னும் வரவில்லை.