அடுக்குமாடிக்குப் பின்னால் வரும் வைரிகள்: நாட்குறிப்பு

6 அக்டோபர் 2024, ஞாயிறு

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிற்குப் பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் இன்று காலை மைனாக்கள் விடாமல் கத்தின. எங்கள் மாடி நடைவழியிலிருந்து பார்த்தால் மரத்தின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக இருப்பதால், உள்கிளையில் அசையாமல் அமர்ந்திருந்த வைரி என்னும் வேட்டைப் பறவையை நெடுநேரம் படமெடுக்க முடிந்தது. தொண்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒற்றைக் கருங்கோடு தெளிவாக இருந்தது. மார்பில் பழுப்புத் தீற்றல்களும், அவற்றுக்குக் கீழே வயிற்றில் குறுக்குப் பட்டைகளும், பிடரியில் சிறிய கொண்டையும் தெரிந்தன. கால்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தன. இது கொண்டை வைரி. இந்தத் தீவிலேயே கூடு கட்டி ஆண்டு முழுவதும் வாழ்வது. காட்டுப் பறவையாக அறியப்பட்ட இது, இன்று தாவரவியல் பூங்கா, பீஷான்-அங் மோ கியோ பூங்கா, பாசிர் ரிஸ் பூங்கா போன்ற இடங்களில் மக்கள் நடமாட்டத்துக்கு மேலேயே குஞ்சு பொரிக்கிறது.

ஜூலை மாதத்தில் இதே மரத்தில் ஒரு சிறிய வைரியைக் கண்டால் பெரும்பாலும் கொண்டை வைரி என்றே எழுதிவிடலாம். அக்டோபரில் அப்படி எழுத முடியாது. கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்த ஜப்பானிய வைரியும் சீன வைரியும் குளிருக்கு முன் தெற்கே வரும் காலம் இது. மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மூன்றும் இலைகளுக்குள் மறைந்திருந்து பாயும். தமிழ்நாட்டு வயல்வெளிகளில் வைரி என்றே கண்டு பழகிய ஷிக்ராவோ இங்கு அரிய விருந்தாளி. ஊரில் பழகிய கண்ணை அப்படியே இங்கு நம்பக் கூடாது.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

எட்டரை மணிக்குப் புளோக்கின் கூரைக்கு மேல் சிறிய வைரி ஒன்று வட்டமிட்டது. சில முறை வேகமாகச் சிறகடித்துப் பின்னர் சறுக்கிச் சென்ற அதன் பறப்பு ஜப்பானிய வைரியை நினைவூட்டியது. ஆனால் பறக்கும் விதத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இறக்கை நுனியில் விரல்களைப் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணுவதே நம்பகமான வழி. கொண்டை வைரிக்கு அவை ஆறு. ஜப்பானிய வைரிக்கு ஐந்து. சீன வைரிக்கு நான்கு. கண்ணால் எண்ண நேரம் கிடைக்காது, படத்தில் எண்ணலாம்.

அதற்காகப் படமெடுக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளிறிய வானத்தைப் பார்த்து எடுக்கும்போது கேமரா வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. பறவை கரிய நிழலாகிவிடுகிறது. எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப்புக்கு மேல் (இரு மடங்குக்கு மேல்) கூட்டி, வானம் வெண்மையாக எரிந்துபோனாலும் பரவாயில்லை என்று விட்டு, இறக்கையின் அடிப்பக்கத்தைக் காப்பாற்றுகிறேன். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைந்தால் விரல் இறகுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. ஒரே படத்தை நம்புவதும் ஆபத்து: சறுக்கும்போது இறக்கை பாதி மடிந்திருப்பதால் ஐந்து விரல் நான்காகத் தெரியும். பறவை இறக்கையை முழுவதும் விரித்து வெப்பக் காற்றில் ஏறும் கணத்தில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து, அவற்றில் மிக அதிகமான விரல்களைக் காட்டும் படத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். இன்றைய பறவைக்கு ஐந்து விரல்கள். இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் நெருக்கமான பட்டைகள். ஜப்பானிய வைரி என்று எழுதினேன்.

19 அக்டோபர் 2024, சனி

மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவையும் இணைக்கும் ஹென்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் முற்பகலைக் கழித்தேன். சாலைக்கு 36 மீட்டர் மேலே இருப்பதால், வலசைப் பருவத்தில் வேட்டைப் பறவைகளைத் தேடி வருபவர்கள் அங்கே கூடுவது வழக்கம். பத்து மணிக்குப் பிறகு தரை சூடேறியதும் பறவைகள் உயரத்துக்கு ஏறின.

சீன வைரியைச் சரியான வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் அதற்கு இணையான எளிய அடையாளம் வேறில்லை. இறக்கையின் அடிப்பக்கம் பட்டையின்றி வெளுத்திருக்க, நுனி மட்டும் கருமையாக இருக்கும். மார்பில் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். அலகின் அடித்தோல் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சிடும். ஆணின் கண் கருஞ்சிவப்பு. தூரத்தில் கறுப்பாகவே தோன்றும். இன்று ஒன்று தலைக்கு மேல் கடந்தபோது நான்கு விரல்களையும் கரிய நுனியையும் ஒரே படத்தில் பிடிக்க முடிந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

தேன் பருந்துகளும் கடந்தன. இவற்றைக் கழுகினமான குடுமிப் பருந்து என்று பலர் எழுதிவிடுகின்றனர். அதற்குக் காரணமும் இருக்கிறது. குளவிக் கூட்டையும் தேனடையையும் பிரித்துப் புழுக்களை உண்ணும் தேன் பருந்து, வலிமை மிக்க கழுகினங்களின் இறகுக் கோலத்தை ஒத்திருப்பதால் பிற வேட்டைப் பறவைகளின் தாக்குதலிலிருந்து தப்புகிறது என்று பறவையியலாளர்கள் கருதுகின்றனர். இறகு ஏமாற்றினாலும் தலை ஏமாற்றாது. தேன் பருந்தின் தலை புறாவினுடையதைப் போலச் சிறியது, கழுத்து நீண்டிருக்கும், கண்ணுக்கு மேல் முறைப்பான புருவ மேடு இருக்காது. அமர்ந்திருந்தால் காலைப் பார்க்கலாம்: குடுமிப் பருந்துக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும், தேன் பருந்தின் கால் வெறுமையாக இருக்கும்.

20 அக்டோபர் 2024, ஞாயிறு

நாள் முழுவதும் மழை. நேற்றைய படங்களுக்குப் பெயரிட்டு முடித்தேன்.

31 அக்டோபர் 2024, வியாழன், தீபாவளி

அக்கா வீட்டில் மதிய உணவுக்குப் பிறகு, அவர் மகன் சென்ற ஜனவரியில் இங்குள்ள பிடாடாரி பகுதியில் எடுத்த படமொன்றைக் கைப்பேசியில் காட்டி, “மாமா, இது எந்த வைரி?” என்று கேட்டான். சாம்பல் தலை, மார்பில் தீற்றல், வயிற்றில் பட்டை, மஞ்சள் வளையமிட்ட கண், பட்டையிட்ட நீண்ட வால். எல்லாம் வைரிக்கு உரியவையே. “அலகைப் பெரிதாக்கிப் பார், தம்பி. நுனி கொக்கியாக வளைந்து இறங்குகிறதா?” என்றேன். இல்லை என்றான். காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாகக் கிளையைப் பற்றியிருந்தன. உடல் நிமிர்ந்து நிற்காமல் கிளையோடு சாய்ந்திருந்தது. இறக்கைகள் தளர்ந்து தொங்கின. அது வைரியே அன்று; குளிர்காலத்தில் இங்கு வந்து கம்பளிப்பூச்சிகளைத் தின்னும் பெரிய அக்காக்குயில். அவன் ஏமாற்றமடையவில்லை, வைரியைப் போலவே உடுத்திக்கொண்ட குயில் ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்கு வியப்பாக இருந்தது. எனக்கும் அந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

10 நவம்பர் 2024, ஞாயிறு

இளம் பறவைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஏனெனில் இந்தப் பருவத்தில் பெயர் தவறிப் போகும் படங்களில் பெரும்பங்கு அவற்றுடையதே. மூன்று இனங்களின் இளம் பறவைகளும் மேலே பழுப்பு, கீழே வெளிர் நிறத்தில் தீற்றல். மூன்றுக்கும் தொண்டைக் கோடு உண்டு. வளர்ந்த பறவையில் உதவும் கண் நிறமும் மார்பு நிறமும் இங்கே கைகொடுப்பதில்லை. நிறம் என்பதே நம் ஊரில் நம்பத்தகாத சான்று என்பது என் கருத்து: அடர்ந்த இலைகளின் ஊடாக விழும் பச்சை ஒளியில் சாம்பல் பழுப்பாகிறது, மாலை வெயிலில் வெண்மை செம்மையாகிறது, கைப்பேசி தானாகவே எல்லாவற்றையும் மேலும் மெருகேற்றிவிடுகிறது.

உருவ அளவும் அப்படியே. வைரிகளில் ஆணைவிடப் பெண் பெரியது. ஆகவே ஜப்பானிய வைரியின் பெண்ணும் கொண்டை வைரியின் ஆணும் அளவில் நெருங்கி வந்துவிடும். பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லாத படத்தில் “சிறியது” என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

வயதானாலும் மாறாதது உடலமைப்புதான். அமர்ந்திருக்கும் பறவையில் நான் முதலில் பார்ப்பது, மடித்த இறக்கையின் நுனி வாலின் எந்த இடத்தில் முடிகிறது என்பதை. கொண்டை வைரியில் அது வாலின் அடியைச் சற்றே தாண்டி நின்றுவிடும். கண்டம் கடந்து பறக்கும் மற்ற இரண்டிலும் இறக்கை நீளம் என்பதால் நுனி வாலின் மேல் நெடுந்தூரம் இறங்கும். அடுத்து வாலடி: கொண்டை வைரியில் வெண்ணிற இறகுகள் பஞ்சாகப் பொங்கி வாலின் அடியை இரு புறமும் சூழ்ந்திருக்கும், பின்னாலிருந்து எடுத்தால்கூடத் தெரியும். மார்பை நேராகக் காட்டும் அழகிய படத்தில் இவை இரண்டுமே கிடைப்பதில்லை. பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் எடுத்த, கிளை குறுக்கே விழுந்த படத்தில்தான் கிடைக்கும். அதனால் அழகில்லாத படங்களை அழித்துவிடாதீர்கள் என்று அண்டை வீட்டு இளைஞர்களிடம் சொல்லி வருகிறேன்.

பறவையை இரை வைத்துத் தாழ இறக்கிப் படமெடுப்போரும் இருக்கின்றனர். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது இங்கே சட்டப்படி குற்றம், பறவைக்கும் கேடு. கிடைப்பதோ ஒரே கோணத்தில் ஒரே முகப்படம். இனமறிய வேண்டிய இறக்கையும் வாலடியும் அதில் வருவதில்லை.

16 நவம்பர் 2024, சனி

இந்த வைரிகள் அனைத்தும் நெடுங்காலம் அக்ஸிபிட்டர் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2024இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டது: கொண்டை வைரி லோஃபோஸ்பைசா என்ற பேரினத்துக்கும், ஜப்பானிய, சீன வைரிகள் டாக்கிஸ்பைசா என்ற பேரினத்துக்கும் சென்றன. ஒரே மரத்தில் ஒரே மாதத்தில் அமரும், கண்ணுக்கு உடன்பிறப்புகளாகத் தோன்றும் பறவைகள் உண்மையில் தூரத்து உறவினர்கள். நெருங்கிய மரங்களுக்கிடையே துரத்தி வேட்டையாட அகன்ற இறக்கையும் நீண்ட வாலும் தேவை. அந்தத் தேவைதான் இவற்றை ஒரே வடிவில் நிறுத்தியிருக்கிறது என்று எண்ணும்போது, அவற்றைப் பிரித்தறிவது கடினமாக இருப்பதில் எனக்கு எந்தச் சலிப்பும் தோன்றவில்லை.

24 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் மீண்டும் ஐந்து விரல் வைரி ஒன்று, இளம் பறவை. தொண்டைக் கோடு வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்ததால் உடனே பெயரெழுதவில்லை. இங்கு அரிதாக வரும் பெஸ்ரா என்ற மற்றொரு வைரிக்கும் ஐந்து விரல்களே. பெஸ்ராவின் தொண்டைக் கோடு தடித்தது, மடித்த இறக்கை நுனி குறுகியது, வாலின் கரும்பட்டைகள் வெளிர்ப் பட்டைகளுக்கு இணையான அகலமோ மேலானதோ கொண்டவை; ஜப்பானிய வைரியில் கரும்பட்டைகள் குறுகலானவை. வால் விரிந்த படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கி, பட்டைகளை ஒன்றுக்கொன்று வைத்து அளந்தேன். கரும்பட்டைகள் தெளிவாகவே குறுகலாக இருந்தன. அமர்ந்தபோது எடுத்த படத்தில் இறக்கை நுனியும் வாலின் மேல் நன்கு இறங்கியிருந்தது. ஜப்பானிய வைரி, இளம் பறவை என்று எழுதி, தடித்த தொண்டைக் கோட்டையும் குறிப்பில் சேர்த்தேன். அக்டோபர் கடைசியில் எடுத்த சில படங்களில் வாலும் இறக்கை நுனியும் இலைக்குள் மறைந்திருக்கின்றன; அவற்றுக்கு “வைரி, இனம் தெரியவில்லை” என்ற பெயரே நிலைக்கும்.