அப்பாவின் பழைய கம்ப்யூட்டருக்கு மூவாயிரம் ரூபாய் வைத்தியம்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2012 பொங்கல் சமயத்தில் வாங்கியது. இன்டெல் ஐ3 2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அப்பா அதில்தான் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்து வடிவமைத்துத் தருகிறார். பேஜ்மேக்கர் 7தான் அவருக்குக் கைப்பழக்கம். பக்கம் வடிவமைக்க அடோபி 2001இல் கொண்டுவந்த சாஃப்ட்வேர் அது. அதற்குப் பிறகு அடோபி இன்டிசைன் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டது, ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்களிலேயே வருடக்கணக்காக ஃபைல் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவ்வளவு சுலபமாக மாறிவிட முடியாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன், காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அப்பா காபி குடிக்கப் போகிறார், குளிக்கிறார், சாமி கும்பிடுகிறார், திரும்பி வந்தும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றால் பரவாயில்லை. சாவு நோட்டீஸ் அப்படியில்லை, வீட்டில் உடலை வைத்துக்கொண்டு ஆள் வந்து வாசலில் நிற்பார், ஒரு மணி நேரத்தில் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். அப்படி நிற்பவரிடம் "கொஞ்சம் இருங்க, கம்ப்யூட்டர் ஆன் ஆகட்டும்" என்று சொல்வது அப்பாவுக்குப் பெரிய வருத்தம்.

பக்கத்துக் கடையில் கேட்டதற்குப் புதிதாகவே வாங்கிவிடுங்கள், முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார்களாம். "ஓடுற மிஷினை எதுக்குடா தூக்கிப் போடணும்?" என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் எது தாமதமாக்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு அப்பாவை வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். ப்ராசஸர் இருபது சதவீதத்தைத் தாண்டவே இல்லை. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது. அதுதான் விஷயம். ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுக்கிறது. ஒரு தேடலுக்குப் பத்துப் பதினைந்து மில்லி விநாடி ஆகும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும், அவ்வளவுக்கும் அந்த முள் ஓட வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி முழுக்கச் சிப்பில் சேமிப்பது, அதில் முள்ளும் இல்லை தட்டும் இல்லை, அதே தேடல் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டர் பாகக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். 240 ஜிபி எஸ்எஸ்டி 1,650 ரூபாய். ஒரு கடையில், எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்க இருப்பது பழைய சாட்டா 2தான், எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகம்தான் வரும், போர்டோடு மாற்றிவிடுங்கள் என்றார்கள். பாதி வேகம் என்பது உண்மை. ஆனால் அது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது தெரிகிற வேகம். நமக்கு வேண்டியது தேடும் நேரம் குறைவது, அதற்கு சாட்டா 2 எந்தத் தடையும் இல்லை. போர்டை மாற்றினால் ப்ராசஸர் மாற வேண்டும், இதில் இருக்கும் டிடிஆர்3 என்ற பழைய வகை ராமும் போகும், கடைசியில் அந்த முப்பத்தைந்தாயிரத்துக்கே வந்து நிற்போம்.

செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 900 ரூபாய். ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அப்பாவின் விண்டோஸ் 32 பிட். அதில் எவ்வளவு ராம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, அந்த 4 ஜிபியிலும் முழுசாகக் கிடைக்காது. 64 பிட் போடப் போகிறோம் என்றால்தான் ராமுக்குச் செலவு செய்ய வேண்டும். அப்புறம் ஒரு சாட்டா கேபிள் 80, ப்ராசஸர் சூடு இறங்கத் தடவும் தெர்மல் பேஸ்ட் 120, மதர்போர்டில் போடும் சிஆர்2032 பட்டன் பேட்டரி 30. ஆக மொத்தம் 2,780 ரூபாய்.

அந்த முப்பது ரூபாய் பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக பேங்க் தளம் திறப்பதில்லை, 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்தால் கம்ப்யூட்டரில் தேதி 2011 ஜனவரி 1. பேட்டரி தீர்ந்து போனதால் கரன்ட் நின்றாலே கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது, அந்தத் தேதிக்கு இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. ஒரு வருடமாக அப்பா தினமும் காலையில் தேதியைக் கையால் மாற்றியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குப் போய், முதல் வேலையாக அப்பாவின் ஃபைல்கள் அத்தனையையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்தேன். நாற்பது ஜிபிதான், ஆனால் விடிய விடிய ஓடியது. பழைய டிஸ்க்கைச் சோதித்ததில் படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் ஏற்கெனவே சேர ஆரம்பித்திருந்தன. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பதின்மூன்று வருடப் பத்திரிகைகளும் போயிருக்கும், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் வீட்டிலும் பழைய டிஸ்க் இருந்தால் அப்கிரேடு பிறகு, முதலில் காப்பி எடுங்கள்.

கேபினெட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த் திறந்தோம். ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் துடுப்புகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, காய்ந்து போன பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு மிளகு அளவு வைத்தேன். ராமைச் செருகி ஆன் செய்தால் படம் வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது. அப்பா உள்ளே போய் ஒரு பென்சில் ரப்பரை எடுத்து வந்தார். ராமின் தங்க நிறப் பற்களை அதால் மெதுவாகத் தேய்த்து, ஊதிவிட்டுத் திரும்பச் செருகினார். படம் வந்துவிட்டது.

விண்டோஸ் போடும் முன் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) சாட்டா அமைப்பை ஐடிஇ என்ற பழைய முறையிலிருந்து ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு மாற்றினால் பெரும்பாலும் நீலத் திரைதான் வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான் கேட்கிறது, இது இரண்டாம் தலைமுறை. அதனால் எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் விண்டோஸ் 10, பேஜ்மேக்கருக்கும் பிரின்டருக்கும் மட்டும், அதில் நெட் கிடையாது. இன்னொரு பக்கம் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட், அதில் பேங்க், மெயில், வாட்ஸ்அப் வெப். வாட்ஸ்அப்பில் வரும் மணமக்கள் படங்களை மின்டிலிருந்தே விண்டோஸ் பக்கத்து ஃபோல்டரில் போட்டுவிடலாம். விண்டோஸில், முழுசாக அணையாமல் சீக்கிரம் கிளம்ப வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் லினக்ஸ் எழுத முடியாது.

இப்போது ஸ்விட்சைப் போட்டால் முப்பது விநாடிக்குள் பேஜ்மேக்கர் திறக்கிறது. ப்ராசஸரை மாற்றவில்லை. பழைய ஐ5 2400 கிடைத்தால் இதே போர்டில் உட்காரும், ஆனால் அப்பாவின் வேலைக்கு அது தேவைப்படவே இல்லை.

போன வாரம் போன் செய்தபோது, காலையில் ஒரு நோட்டீஸ், வந்தவர் உட்காரும் முன்பே ப்ரூஃப் கொடுத்துவிட்டேன் என்றார். யூபிஎஸ் மட்டும் கரன்ட் போனால் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லையாம். பொங்கலுக்குப் போகும்போது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கிப் போக வேண்டும்.