மீசை முளைக்காத ரேஸர்

சென்னைக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். ஃபார்முலா 4 ரேஸ் முடிந்து கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

ஹெல்மெட்டைக் கழற்றிய பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. ஸ்பூன் பிடிக்க முடியாததால் அம்மாதான் தயிர்சாதம் ஊட்டினார்.

"கடைசி வளைவுல பிரேக்க லேட்டா போட்டுட்டேம்மா" என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

15 வயதானால் இந்தக் காரில் ஏறலாம். வெளியே ரோட்டில் ஆக்டிவா ஓட்ட 18 ஆகணும்!

ஃபார்முலா 4 முதல் படி, ஃபார்முலா 1 உச்சி. அந்த உச்சியில் இதுவரை ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். 2005-இல் நரேன் கார்த்திகேயன், 2010-இல் கருண் சந்தோக். கோயம்புத்தூர், சென்னை. இரண்டுமே நம்மூர்!

அதற்குப் பிறகு ஏன் யாரும் இல்லை? திறமை கிடக்கட்டும், ஒவ்வொரு சீசனுக்கும் யார் பணம் கட்டுவது?

அந்த அம்மா வளைவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு வாய் வாங்கிக்கோ" என்றார்.